பியூரெட்டக்காவின் பதினெட்டு வருடம்

அந்தக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்றைக்கோ ஒரு முதல் வருடக் கும்பல் வைத்த "பியூரெட்டக்கா" என்ற பட்டம் மெல்லப் பரவி, ஆசிரியர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. பியூரெட் என்றால் வேறொன்றுமில்லை, கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய். அடியில் திருகு இருக்கும். பதமாகத் திருப்பினால் அமிலம் சொட்டுச் சொட்டாக இறங்கும், அவசரப்பட்டால் கொட்டிவிடும். அதை உடைக்காமல் பிடிக்கவும், சொட்டுக்குக் காத்திருக்கவும் பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தாள். ஆனால் சம்பளப் பட்டியலில் அவள் ஆய்வக உதவியாளர். அதாவது, கண்ணாடி கழுவி அடுக்குகிறவள்.

அந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த கல்வியாண்டிலிருந்து கற்பித்தல் அங்கீகாரம் இல்லாத எவரும் செய்முறை வகுப்பு நடத்தக் கூடாது. வேண்டுவோர் தம் கற்பித்தல் அனுபவத்தை எழுத்தில் விவரித்து, சான்றுகளும், நேரில் கண்ட இருவரின் கடிதங்களும் இணைத்து அங்கீகாரக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கீகாரம் இல்லாதவர்கள் கீழ்த்தளத்துச் சாமான் அறைக்குப் போக வேண்டும்.

அவள் பத்துப் பக்கம் எழுதினாள். ஒரு வாரம் கழித்துப் பயிற்சிப் பிரிவு அம்மா கூப்பிட்டனுப்பினாள். விண்ணப்பிக்கிறவர்களுக்கு வழிகாட்டக் கல்லூரி நியமித்திருந்த இளம் பெண் அவள். மேசையில் கிடந்த பத்துப் பக்கத்திலும் பென்சில் கோடு.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"எல்லாமே நான்தானே மேடம்?"

"படிச்சுக் காட்டுறேன் கேளுங்க. 'மாணவர்களுக்கு விளக்கம் அளிக்கப்பட்டது.' யார் அளிச்சா? 'பிழைகள் சுட்டிக்காட்டப்பட்டன.' யார் காட்டினா? 'முறை மாற்றியமைக்கப்பட்டது.' தானா மாறிச்சா? பத்துப் பக்கம் தேடிட்டேன், 'நான்'ங்கிற வார்த்தை ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு. அதுவும் 'நான் தாழ்மையுடன் வேண்டுகிறேன்'னு கடைசி வரியில."

பியூரெட்டக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. அரசாங்கக் காகிதத்தில் 'நான்' என்று எழுதினால் திமிர் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து பயந்து எழுதியிருந்தாள்.

"இன்னொண்ணு" என்று அந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள். "பழைய கால அட்டவணை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். உங்க பேரு ஒரு இடத்துலயும் இல்லையே. எல்லா வகுப்புக்கும் துறைத்தலைவர் சார் பேருதான் இருக்கு. வருகைப் பதிவேட்டுலயும் அவர் கையெழுத்துதான். குழு இதைத்தான் முதல்ல கேக்கும்."

"கேட்டா என்ன சொல்றது?"

"உண்மையைத்தான். ஆனா அது சார் வாயிலருந்து வரணும். ஒரு கடிதம் நான் குடுத்துடுவேன், உங்க வகுப்பை உக்காந்து பார்த்திருக்கேன். இன்னொண்ணு அவர் குடுத்தாத்தான் இது நிக்கும்."

அவள் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

வீட்டில் அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மாடிக்கும் கீழுக்கும் நடுவில் தொங்குகிற பிழைப்பு. சாயங்காலம் வந்து கைகழுவும்போதே மனைவியின் முகத்தைப் பார்த்து எந்தத் தளத்தில் சிக்கியிருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவான். விஷயத்தைக் கேட்டதும் காகிதத்தை வாங்கி இரண்டு பக்கம் படித்தான்.

"ஏம்மா, குழம்புக்கு உப்புப் போட்டியான்னு கேட்டா, 'உப்பு இடப்பட்டது'ன்னா சொல்லுவ? 'போட்டாச்சு, வாயை மூடிக்கிட்டு சாப்பிடுங்க'ன்னுதானே சொல்லுவ. அதே வாயால இதைச் சொல்லு."

"எழுத உக்காந்தா வர மாட்டேங்குதுங்க."

"எழுதாத. எங்கிட்ட சொல்லு, நான் எழுதுறேன். ஒரே ஒரு பிள்ளைக்கு நீ என்ன பண்ணினேன்னு சொல்லு, போதும்."

காய் நறுக்கிக்கொண்டே அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் வாயில் வந்தது பாராட்டு வாங்கிய கதை அல்ல. ஏழு வருடமாக நெஞ்சில் முள்ளாக உறுத்திய கதை.

ரொட்டிக் கடையில் வேலை பார்த்துவிட்டு முப்பது வயதில் படிக்க வந்த மாணவர் ஒருவர் இருந்தார். கூடப் படித்தவர்கள் அவரைப் "பெரியவர்" என்றுதான் கூப்பிடுவார்கள். காரக் கரைசலில் ஒரு துளி நிறங்காட்டி விட்டு, பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்ட விட வேண்டும். மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாக மாறும் அந்தக் கணத்தில் திருகை மூடி அளவைக் குறிக்க வேண்டும். வகுப்பில் எல்லோருக்கும் இருபது மில்லியில் வந்து நின்றது. பெரியவருக்கு மட்டும் ஒரு தடவை இருபத்து மூன்று, ஒரு தடவை இருபத்தேழு. மூன்று வாரம் அதே கூத்து. நான்காவது வாரம் அவள் அத்தனை பேர் முன்னிலையிலும் கேட்டுவிட்டாள்: "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? கையில பிடிச்சிருக்கிறது கண்ணாடியா, கயிறா?" அவருடைய நோட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதி அடிக்கோடும் போட்டாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றில் மஞ்சள், ஒன்றில் இளஞ்சிவப்பு.

"அக்கா, இது ரெண்டும் வேற வேற நிறமா?"

"உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"அப்ப ரோட்டுல சிக்னல் எப்படிப் பார்ப்பீங்க?"

"மேல எரிஞ்சா நிப்பேன், கீழ எரிஞ்சா போவேன்."

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடல, ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்று அவள் கணவனிடம் கேட்டாள். "தலைவலின்னு சொன்னேன். தலைவலி இல்ல. அந்த மனுஷனை அத்தனை பேர் முன்னாடி குருடன்னு திட்டின மாதிரி ஆயிடுச்சேன்னு."

"அப்புறம் என்ன பண்ணினே?"

அப்புறம் அவள் சாமான் அலமாரியின் அடியில் கிடந்த அமிலமானியைத் துடைத்து எடுத்தாள். கரைசலில் கம்பியை முக்கினால் அதன் அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் கருவி. அரை அரை மில்லியாக அமிலம் விட்டு, ஒவ்வொரு தடவையும் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னாள். எண் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் படிக்கட்டில் கால் தவறியவனைப் போலச் சடாரென்று விழுந்தது. அந்த இடம்தான் மற்றவர்கள் நிறமாற்றத்தில் பார்த்த இடம். பெரியவருக்கு இருபது வந்தது. மறுவாரம் மொத்த வகுப்புக்கும் நிறத்திலும் எண்ணிலுமாக இரண்டு வழியிலும் செய்யவைத்தாள். அப்போதுதான் ஒரு பெண், "ஓ, அதனாலதான் கடைசியில சொட்டுச் சொட்டா விடச் சொல்றீங்களா!" என்று கத்தினாள். வருடக்கணக்காக 'சொட்டுச் சொட்டா விடு' என்று தான் கத்தியது எவர் மண்டையிலும் ஏறவில்லை என்பது அக்காவுக்கு அன்றுதான் விளங்கியது.

அதற்குப் பின் ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே நான்கு குழாய்களை வைத்துவிட்டு, எது எந்த நிறம் என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்துத் தரச் சொல்வாள். யாருக்கும் தெரியாமல் இதுவரை ஏழு பேரைக் கண்டுபிடித்திருந்தாள்.

கணவன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். "இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறேன், எங்கிட்டயே சொல்லலையே நீ. அழுத்தக்காரி!"

அன்று எழுதியது அப்படியே விண்ணப்பத்தின் முதல் அத்தியாயம் ஆனது. "நான் ஒரு மாணவரை எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தினேன்" என்று அது தொடங்கியது. தன்னைத் தாழ்த்திக்கொள்வது போலாகிவிடுமோ என்று அவள் தயங்கியபோது, "தப்பு செஞ்சது, தெரிஞ்சுகிட்டது, மாத்தினது, மாத்தினதுல என்ன நடந்துச்சு, நாலும் இருக்கு. இதைத்தான் அக்கா அவங்க கேக்குறாங்க" என்றாள் பயிற்சிப் பிரிவு அம்மா. அவள் கையெழுத்தில் வருடா வருடம் நகலெடுக்கப்பட்ட செய்முறைத் தாள்களும், பழைய மாணவர் நோட்டுகளும் சான்றுகளாகச் சேர்ந்தன. பாக்கி இருந்தது ஒரே ஒரு கடிதம்.

துறைத்தலைவர் நல்ல மனிதர். அதுதான் சங்கடமே. எட்டு வருடத்துக்கு முன் அவர் மனைவிக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. அந்த மூன்று நாளும் மதியம்தான் முதல் வருடச் செய்முறை வகுப்பு. முதல் நாள் அவர் வரவில்லை. அக்கா வகுப்பை நடத்தினாள். இரண்டாம் நாளும் நடத்தினாள். நான்கு மணிக்கு அவர் வேர்த்து விறுவிறுத்து வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். "ரொம்ப நன்றிம்மா" என்பார். அவள் "அம்மா எப்படி இருக்காங்க சார்?" என்பாள். இருவரும் இதைப் பற்றிப் பேசி ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவில்லை. ஆறு வருடம் அப்படியே ஓடியது. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியும் அவர் ஆய்வகத்துக்குள் வருவதில்லை. அறையிலேயே இருந்துவிட்டு நான்கு மணிக்குக் கையெழுத்து மட்டும் போட்டார்.

அவர் அறையில் போய் நின்று விஷயத்தைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"நீங்க உதவி பண்ணினீங்க. இல்லேன்னு சொல்லல. ஆனா வகுப்பு எடுத்ததுன்னு எழுதினா எப்படிம்மா? பதிவேட்டுல என் கையெழுத்து இருக்கே."

"சார், நான் அம்மா விஷயத்தை எழுதல சார். என் வேலையை மட்டும்தான்..."

"நீங்க எடுத்தீங்கன்னு நான் எழுதினா, நான் எங்க போயிருந்தேன்னு கேப்பாங்க இல்ல? நான் ஓய்வு பெற இன்னும் நாலு மாசம்தான் இருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நீட்டிப்பு கேட்டிருக்கேன். வீட்டுல உக்காந்து நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க?" சற்று நிறுத்தி, "'உதவினார்'னு எழுதித் தரேன். நல்லாவே எழுதித் தரேன்" என்றார்.

'உதவினார்' என்ற சொல் ஒரு மண்ணுக்கும் உதவாது என்று அவளுக்குத் தெரியும். "வேணாம் சார்" என்று வெளியே வந்துவிட்டாள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அவர்மேல் வந்த கோபத்தைவிட, அந்த மனிதர் 'வீட்டில் உட்கார்ந்து என்ன பண்ணுவேன்' என்று கேட்ட குரல்தான் அவளை அதிகம் படுத்தியது.

"நாலு பேருக்குத் தெரியற மாதிரி போட்டு உடை" என்றான் கணவன். "மாணவங்க சாட்சி சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க. அவரைப் பிடிச்சுத் தள்ளி நான் மேல ஏறணுமா?"

"அப்ப கீழ்த்தளம்தான்."

"கீழ்த்தளம்தான்" என்றாள் அவள்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள், இரண்டாவது கடிதம் இல்லாமலே கொடுத்துவிடலாம் என்று பயிற்சிப் பிரிவுக்குப் போனாள். அந்த அம்மா ஓர் உறையை எடுத்து நீட்டினாள்.

"காலையில சாரே கொண்டுவந்து குடுத்துட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரியாதா?"

மூன்று பக்கம், கையால் எழுதியது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, வாரத்தில் மூன்று நாள், முதல் வருடச் செய்முறை வகுப்புகள் அனைத்தையும் இவரே தனியாக நடத்தினார். நான் அந்த நேரங்களில் மருத்துவமனையில் இருந்தேன். பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்து உண்மையைச் சொல்வதல்ல. அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் இவரே நடத்தினார், அதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. படித்து முடித்ததும் அவள் அதை விண்ணப்பத்தின் கடைசியில் வைத்துக் கட்டினாள்.

அங்கீகாரம் எட்டு வாரத்தில் வந்தது. கூடவே வந்தது விசாரணை. அங்கீகாரக் குழுவுக்குப் போன கடிதத்தின் நகல் முதல்வர் மேசைக்கும் போயிருந்தது. மூன்று பேர் கொண்ட குழு அவளை அழைத்துக் கேட்டது.

"உங்களை வகுப்பெடுக்கச் சொல்லி அவர் கட்டாயப்படுத்தினாரா?"

"இல்லைங்க. முதல் நாள் நாப்பது பிள்ளைங்க வெள்ளைக் கோட்டு போட்டுகிட்டு வந்து நிக்குறாங்க. சார் வரல. திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரல."

"அது முதல் நாள். ஆறு வருஷம்?"

"ரெண்டாம் நாளும் அதே நாப்பது பிள்ளைங்கதானேங்க வந்தாங்க."

ஒருவர் இருமலில் சிரிப்பை மறைத்தார். "ஏன் மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை?"

"தெரிவிச்சிருந்தா சார் லீவு போடணும். லீவு எத்தனை நாள் இருக்கும்? அம்மாவுக்கு ஆறு வருஷம் ஓடிச்சு." பிறகு, மேசையைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்கும் வகுப்பெடுக்கப் பிடிச்சிருந்துச்சு. அதையும் எழுதிக்குங்க. அவருக்காக மட்டும் நான் எடுக்கல."

அவளுக்கு வாய்மொழியாக ஓர் எச்சரிக்கை கிடைத்தது. அவருக்குப் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறியது. நீட்டிப்பு கிடைக்கவில்லை. குறித்த நாளில், பிரிவு உபசாரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பையோடு படியிறங்கிப் போனார்.

புது அட்டவணை சுவரில் ஏறியது. அதில் அவள் பெயர் இருந்தது. மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இது யாருடா?" என்று கேட்டுக்கொண்டார்கள். இத்தனை வருடம் ஆசைப்பட்ட இனிப்பு கைக்கு வந்தும் வாயில் வைக்க முடியாதது போல் இருந்தது அவளுக்கு. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு விடுமுறை நாள் காலையில் கணவனோடு வண்டியில் கிளம்பி அவர் வீட்டுக்குப் போனாள். "நீ போய்ப் பேசு, நான் இந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துட்டு வரேன், சத்தமே சரியில்ல" என்று அவன் கீழேயே நின்றுகொண்டான்.

அவரே கதவைத் திறந்தார். அவரே தேநீர் போட்டார். சர்க்கரை போட மறந்திருந்தார், அவள் சொல்லவில்லை.

"உங்களுக்கு நீட்டிப்பு போனது என்னாலதான் சார்."

"கையெழுத்துப் போட்டது நீங்களா? நான்தானே" என்றார். கோப்பையைக் கீழே வைத்தார். "அன்னைக்கு முடியாதுன்னு சொன்னேன் பாருங்க, நீட்டிப்புக்காக மட்டும் இல்லம்மா. நாலு மணிக்கு வந்து பிள்ளைங்க நோட்டைப் பார்ப்பேன். நான் எடுத்த காலத்துல அவ்வளவு சுத்தமா விடை வந்ததில்ல. வீட்டுல சம்சாரத்துகிட்ட சொல்லுவேன். 'அப்ப அந்தம்மாவைக் கூப்பிட்டுப் பாராட்டுங்களேன்'னு இவ சொல்லுவா. எனக்கு வாய் வரல. வயித்தெரிச்சல், வேறென்ன? இந்த வயசுல சொல்லிக்கவே கேவலமா இருக்கு. நீங்க 'வேணாம் சார்'னு போன ராத்திரி இவ சொன்னதுதான் காதுல கேட்டுச்சு, உக்காந்து எழுதிட்டேன்."

அவள், "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு அது போதுமா இருந்திருக்கும் சார்" என்றாள். சொன்ன பிறகு, தன் குரலில் கோபமும் இருந்ததை உணர்ந்தாள். அவரும் உணர்ந்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

"பொழுது எப்படிப் போகுது சார்?"

"அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். காலையில ரெண்டு மணி நேரம். புதுசா அந்த மெஷின்ல படுக்குறவங்களுக்கும் வீட்டு ஆளுங்களுக்கும் என்ன சாப்பிடலாம், எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னு சொல்லித் தரேன். நர்ஸுங்களுக்கு எங்க நேரம் இருக்கு?" பெருமூச்சு விட்டார். "ஆனா யாருக்கும் ஏற மாட்டேங்குது. ஒரு நாளைக்கு எழுநூறு மில்லின்னு சொல்றேன். சரி சரின்னு தலையாட்டிட்டு, மறுநாள் கால் வீங்கி வந்து நிக்குறாங்க. காபி, சூப்பு, மாத்திரை போடுற தண்ணி எதையும் கணக்குல சேர்க்கிறதில்ல."

"மில்லின்னு சொன்னா யாருக்கு சார் புரியும்?" அவள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "காலையில ஒரு பாட்டில்ல எழுநூறு மில்லி தண்ணி பிடிச்சு வைக்கச் சொல்லுங்க. அதைக் குடிக்க வேணாம். காபி ஒரு டம்ளர் குடிச்சா, பாட்டில்லருந்து அதே டம்ளர் அளவு தண்ணியை ஊத்திடணும். சூப்பு குடிச்சா அந்த அளவு ஊத்திடணும். பாட்டில் காலியானா அன்னைய கோட்டா முடிஞ்சது. எழுத வேணாம், கூட்ட வேணாம். கண்ணால பார்த்தாலே தெரிஞ்சிடும்."

அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துவந்து உட்கார்ந்தார்.

"மெதுவா சொல்லுங்க. சாம்பார், ரசம் மாதிரி சோத்துல பிசைஞ்சு சாப்பிடுறதுக்கு என்ன பண்றது?"

"கரண்டிக் கணக்கு சார். முதல்ல அவங்க வீட்டுக் கரண்டியையே கொண்டுவரச் சொல்லுங்க" என்றாள் அவள். "ஒரு கரண்டி எவ்வளவு பிடிக்குதுன்னு நீங்க அளந்து சொல்லாதீங்க. அவங்களையே அளக்க விடுங்க."

அவர் எழுதிக்கொண்டே, "அளக்கத் தெரியாதவங்க?" என்றார்.

கீழேயிருந்து கணவன் கூப்பிடும் சத்தம் கேட்டது. லிஃப்டில் என்னவோ கண்டுபிடித்திருக்க வேண்டும். "இதோ வரேங்க" என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்துவிட்டு, அவள் மறுபடியும் உட்கார்ந்தாள்.